போன் விளம்பரம் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள்: ஒரு நகரத்தில் சரியாகக் கேட்டறியும் முறை

'செல்போன் விளம்பரங்கள் குறித்த நுகர்வோர் மனப்பான்மை' என்ற தலைப்பு வணிகவியல், எம்.பி.ஏ. மாணவர்களின் ஆய்வேட்டில் அடிக்கடி வருவது. பெரும்பாலும் அது நடக்கும் விதமும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் கிடைத்த கேள்வித்தாள் ஒன்று கூகுள் ஃபார்மில் ஏறும். இணைப்பு நாலைந்து வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போகும். 120 பதில் வந்ததும் சராசரி போட்டு, 'ஐந்துக்கு 3.4 வந்திருக்கிறது, ஆகவே மனப்பான்மை சாதகமாக உள்ளது' என்று முடித்துவிடுவார்கள். அந்த 3.4-ஐ வைத்து ஒரு ஜவுளிக்கடைக்காரர் தன் வாடிக்கையாளருக்கு மெசேஜ் அனுப்பலாமா கூடாதா என்று முடிவெடுக்க முடியாது. நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று ஒரே வயதுக்காரர்கள் ஒரே மாதிரிப் பதில் சொன்ன கணக்கு அது.

நாலு பேர் சேர்ந்து மூன்று வாரம் உழைத்தால் ஒரு நகரத்துக்குப் பொருந்தும் பதிலை எடுத்துவிடலாம். அதற்கான வழி இது. எண்கள் தெளிவாக இருக்க ஈரோடு மாநகராட்சியை எடுத்துக்கொள்கிறோம்; அங்கே 60 வார்டுகள். வேறு ஊர் என்றால் வார்டு எண்ணிக்கையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

எந்த விளம்பரத்தைப் பற்றிக் கேட்கிறோம்?

மக்களிடம் 'செல்போன் விளம்பரம்' என்று ஒற்றை அபிப்பிராயம் கிடையாது. கடன் தருகிறோம் என்று வரும் எஸ்.எம்.எஸ். ஒரு ரகம். போன மாதம் சேலை எடுத்த கடை வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஆடித் தள்ளுபடிப் படம் இன்னொரு ரகம். யூடியூபில் பாட்டு தொடங்கும் முன் வந்து நிற்பது வேறு. விளையாடிக்கொண்டிருக்கும்போது திரையை மூடிக்கொண்டு வருவது வேறு. 'செல்போன் விளம்பரம் உங்களுக்குப் பிடிக்குமா?' என்று பொதுவாகக் கேட்டால், கடைசியாக எது எரிச்சல் மூட்டியதோ அதை நினைத்துத்தான் பதில் சொல்வார்கள். சிலர் 'வீட்டிலிருந்தே தினம் 5,000 சம்பாதிக்கலாம்' என்று வந்த மோசடி மெசேஜை நினைத்துச் சொல்வார்கள். அந்தக் கோபத்தை ஒழுங்காக வியாபாரம் செய்யும் கடைக்காரரின் கணக்கில் எழுதினால் ஆய்வே திசைமாறிப் போகும்.

எனவே ஒரு கேள்வியில் ஒரு ரக விளம்பரம் மட்டுமே இருக்கட்டும். நாலு ரகம் போதும்: எஸ்.எம்.எஸ்., வாட்ஸ்அப்பில் கடையோ கம்பெனியோ அனுப்புவது, வீடியோவுக்கு முன்னும் நடுவிலும் வருவது, ஆப்புக்கு நடுவில் வருவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு படத்தை உள்ளங்கை அளவில் வண்ணத்தில் அச்சிட்டு லேமினேஷன் செய்துகொள்ளுங்கள். படத்தில் உண்மையான கடையின் பெயர் இருக்கக்கூடாது. இருந்தால், விளம்பரத்தை விட்டுவிட்டு அந்தக் கடையைப் பற்றித்தான் பேச்சு போகும். நாலு படத்திலும் ஒரே பொருளை, ஒரே தள்ளுபடியோடு போடுங்கள். ஒன்றில் சேலை, இன்னொன்றில் கடன் என்று வைத்தால், பிடிக்காதது வந்த வழியா வந்த சரக்கா என்று பிறகு பிரிக்க முடியாது.

மோசடி மெசேஜைத் தனிக் கேள்வியாக முதலிலேயே கேட்டுவிடுங்கள்: 'ஏமாத்துற மெசேஜ் ஏதாவது வந்திருக்குங்களா?' அதைச் சொல்லித் தீர்த்தபின் 'இனிமே கேக்குறதெல்லாம் நெஜமான கடை, கம்பெனி விளம்பரத்தைப் பத்தி மட்டுங்க' என்று கோடு போட்டுவிட்டால், பின்வரும் பதில்கள் தெளிவாக வரும்.

அளக்க வேண்டிய ஐந்து விஷயங்கள்

விளம்பர ஆய்வாளர் ராபர்ட் டுகாஃப் 1990-களின் நடுவில் ஒரு கணக்கு வகுத்தார்: விளம்பரம் தரும் தகவல், அது தரும் பொழுதுபோக்கு, அது மூட்டும் எரிச்சல், இந்த மூன்றும் சேர்ந்துதான் விளம்பரத்தின் மதிப்பை ஒருவர் மனதில் தீர்மானிக்கின்றன. 2001-இல் பிராக்கெட், கார் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதில் நம்பகத்தைச் சேர்த்தார்கள். போன் விளம்பரம் பற்றிய ஆய்வுகள் இன்றுவரை பெரும்பாலும் இந்த நாலில்தான் நிற்கின்றன. ஐந்தாவது அனுமதி. தைவானில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வு ஒன்று, தாமாக ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய எஸ்.எம்.எஸ். விளம்பரத்தை மக்கள் பொதுவாக விரும்பவில்லை என்று காட்டியது. அந்த ஆய்வின் கேள்விகளை எடுத்துக்கொள்ளும் பலர், அனுமதி பற்றிய கேள்வியை மட்டும் விட்டுவிடுகிறார்கள். அப்போது மிச்சம் இருப்பது தோல்தான், சுளை போய்விடுகிறது.

நம் ஊரில் அனுமதிக்குத் தனிச் சிக்கல் உண்டு. பில் போடும் இடத்தில் 'நம்பர் சொல்லுங்க' என்கிறார்கள், சொல்லிவிடுகிறோம். எதற்கு என்று யாரும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. நம்பர் தந்தால்தான் பில் என்று கடைகள் வற்புறுத்தக்கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதம் அறிவுறுத்தியது. ஆகவே 'அனுமதி கொடுத்தீர்களா?' என்று ஆம் இல்லை கேள்வி கேட்டால் பயன் இல்லை. இப்படி மூன்றாகப் பிரியுங்கள்:

'கடைசியா இப்படி மெசேஜ் அனுப்புன கடைக்கு உங்க நம்பரை நீங்க கொடுத்தீங்களா?'
'கொடுத்தப்போ, இப்படி விளம்பரம் வரும்னு தெரியுமா?'
'நிறுத்தணும்னு நெனச்சா எப்படி நிறுத்துறதுன்னு தெரியுமா?'

முதல் கேள்விக்கு ஆமாம், இரண்டாவதற்கு இல்லை என்பவர்கள் தனிக் கூட்டம். நம்பர் கொடுத்ததால் அவர்களை 'அனுமதி தந்தவர்' பட்டியலில் சேர்ப்பது தவறு. இந்தக் கேள்விகள் எஸ்.எம்.எஸ்., வாட்ஸ்அப் இரண்டுக்கும்தான் பொருந்தும். வீடியோ, ஆப் விளம்பரங்களுக்கு 'காசு கட்டி விளம்பரம் இல்லாம பாக்குற வசதி இருக்குன்னு தெரியுமா, கட்டுவீங்களா?' என்று கேளுங்கள். அங்கே விளம்பரம் என்பது இலவசத்துக்குக் கொடுக்கும் விலை.

டி.என்.டி. (விளம்பர காலும் மெசேஜும் வேண்டாம் என்று பதிவு செய்வது) பற்றியும் கேட்பது நல்லது, ஆனால் அந்தப் பெயரில் கேட்காதீர்கள். 'டி.என்.டி. போட்டிருக்கீங்களா?' என்றால் போனை சத்தமில்லாமல் வைக்கும் பட்டனை நினைத்துப் பலர் ஆமாம் என்பார்கள். '1909-க்கு மெசேஜ் அனுப்பியோ போன் பண்ணியோ, இல்ல ஆப்ல போயோ, விளம்பரம் வேண்டாம்னு பதிவு பண்ணிருக்கீங்களா?' என்பதே சரியான கேள்வி. அந்தப் பதிவு கால், எஸ்.எம்.எஸ். இரண்டுக்கும்தான், வாட்ஸ்அப்பையும் ஆப் விளம்பரத்தையும் அது தடுக்காது. 'பதிவு பண்ணியும் வருதே' என்பவர் எதைச் சொல்கிறார் என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வியைப் பேச்சுத் தமிழில் எழுதுங்கள்

வேலையில் பாதி இதுதான். ஆங்கிலக் கேள்வியை அகராதி வைத்து மாற்றினால் 'கைபேசி விளம்பரங்கள் நம்பகத்தன்மை வாய்ந்தவை என நான் கருதுகிறேன்' என்று வரும். வாசலில் நின்று இதைப் படித்துக் காட்டினால், எதிரில் இருப்பவர் கேள்வியைக் கேட்பதை விட்டுவிட்டு உங்களைப் பார்ப்பார்; மரியாதைக்கு 'ஆமாங்க' என்பார். எழுத்துத் தமிழில் கேட்டால் பரீட்சை எழுதுவது போன்ற பதில்தான் கிடைக்கும். அச்சிடும் படிவத்திலேயே கேள்வி பேசும் விதத்தில் இருக்க வேண்டும். பேட்டி எடுப்பவர் அவரவர் வாய்க்கு வந்தபடி மாற்றிக் கேட்டால் நாலு பேருக்கு நாலு கேள்வித்தாள் ஆகிவிடும்.

ஒவ்வொரு விஷயத்துக்கும் மூன்று வாக்கியங்கள் போதும். படத்தைக் கையில் கொடுத்துவிட்டு, 'இந்த மாதிரி விளம்பரம்' என்று தொடங்குங்கள்.

தகவல்: 'இதனால எனக்குத் தேவையான விவரம் கிடைக்குது.' 'எங்க, என்ன விலைன்னு இதைப் பாத்துத் தெரிஞ்சுக்கிறேன்.' 'எனக்கு வேண்டிய நேரத்துல சரியா வருது.'

பொழுதுபோக்கு: 'பாக்க நல்லா இருக்கு.' 'சில சமயம் ரசிச்சுப் பாப்பேன்.' 'வீட்டுல மத்தவங்களுக்கும் காட்டுவேன்.'

எரிச்சல்: 'இது வந்தாலே கோபம் வருது.' 'செய்யுற வேலையைக் கெடுக்குது.' 'ஒரே விளம்பரம் திரும்பத் திரும்ப வருது.'

நம்பிக்கை: 'இதுல சொல்றது உண்மையா இருக்கும்.' 'இதை நம்பிப் பணம் கட்டலாம்.' 'இதுல பாதி சும்மா சொல்றது.'

கடைசியில் மொத்த அபிப்பிராயத்துக்கு இரண்டு: 'மொத்தத்துல, இந்த மாதிரி விளம்பரம் என் போனுக்கு வர்றது எனக்குப் பிடிச்சிருக்கு.' 'இது வராம இருந்தா நிம்மதி.'

'பாதி சும்மா', 'வராம இருந்தா நிம்மதி' இரண்டும் எதிர்ப்பக்கம் திரும்பிய வாக்கியங்கள். எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுகிறவரைப் பிடிக்க இவை வேண்டும். ஆனால் எதிர்மறையை 'இல்லை' போட்டு எழுதாதீர்கள். 'இந்த விளம்பரம் எரிச்சலா இல்லை, சரிங்களா?' என்று கேட்டால் வரும் 'ஆமாங்க' எரிச்சல் என்பதா, எரிச்சல் இல்லை என்பதா? தமிழில் இரண்டும் நியாயமான பொருள். பேட்டி எடுப்பவர் தனக்குத் தோன்றியதை எழுதிவிடுவார், பிறகு திருத்த வழியே இல்லை.

'பயனுள்ளதாகவும் சுவாரஸ்யமாகவும் இருக்கிறது' என்று இரண்டை ஒன்றாகக் கட்டுவது அடுத்த பிழை. 'தொந்தரவு', 'எரிச்சல்', 'தொல்லை' மூன்றும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். தொந்தரவு என்றால் தடங்கல். எரிச்சல் என்றால் உணர்ச்சி. ஒரு வார்த்தையை மாற்றினால் அளக்கும் பொருளே மாறும். எழுதி முடித்ததும், மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் தமிழ்க் கேள்வியைக் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்பச் சொல்லுங்கள். மூலத்திலிருந்து எங்கே விலகுகிறதோ அங்கே வாக்கியம் பழுது.

பதில் வாங்குவதில் இன்னொரு தந்திரம். 'முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்தையும் ஒரே மூச்சில் வாசித்தால் யாருக்கும் நினைவில் நிற்காது. இரண்டு படியாகக் கேளுங்கள். முதலில்: 'சரிங்களா, சரியில்லைங்களா?' பிறகு: 'முழுக்கவா, ஓரளவுக்கா?' முழுக்கச் சரி 5, ஓரளவு சரி 4, ஓரளவு தவறு 2, முழுக்கத் தவறு 1. அவராகவே 'ரெண்டும்தாங்க' என்றால் 3. 'தெரியலைங்க' என்பது 3 அல்ல, 9 என்று குறியுங்கள். 'நடுநிலை' என்று வாய்ப்புக் கொடுத்து வாசித்தால், வம்பு வேண்டாம் என்று நினைப்பவர்கள் எல்லாரும் அங்கே போய் உட்கார்ந்துகொள்வார்கள்.

செய்தது என்ன என்பதைத் தனியாகக் கேளுங்கள். 'கடைசியா இப்படி ஒண்ணு வந்தப்போ என்ன பண்ணீங்க?' பார்க்காமல் அழித்தது, பார்த்துவிட்டு விட்டது, தள்ளிவிட்டது, தெரியாமல் தொட்டது, வேண்டும் என்றே திறந்தது, கடைக்குப் போனது, வாங்கியது. 'தெரியாமல் தொட்டது' கண்டிப்பாக இருக்கட்டும். மூடும் குறி சின்னதாக மூலையில் இருப்பதால் விரல் தவறி விளம்பரம் திறப்பது சகஜம். விளம்பரக் கம்பெனியின் கணக்கில் அதுவும் ஒரு கிளிக். மக்கள் ஆர்வத்தின் கணக்கில் அது பூஜ்யம்.

முழுப் படிவமும் 15 நிமிடத்தில் முடிய வேண்டும். 20-ஐத் தாண்டினால் கடைசிப் பக்கம் முழுக்க ஒரே விடை வரும். வெளியே கொண்டுபோவதற்கு முன் 12 பேரிடம் ஒத்திகை பாருங்கள். அதில் நாலு பேராவது 50 வயதுக்கு மேல் இருக்கட்டும். 'என்ன கேட்டீங்க?' என்று மூன்று பேர் திருப்பிக் கேட்ட வாக்கியத்தை மாற்றி எழுதுங்கள். ஒத்திகைப் படிவங்கள் கணக்கில் சேராது.

யாரிடம், எத்தனை பேரிடம்?

ஒருவரிடம் நாலு படத்தையும் காட்டினால் அலுத்துவிடும். ஆளுக்கு இரண்டு போதும். நாலில் இரண்டு என்றால் 6 ஜோடிகள். எதை முதலில் காட்டுவது என்று வரிசையையும் மாற்றினால் 12 படிவங்கள். வார்டுக்கு 12 பேர் என்று வைத்தால் ஒவ்வொரு வார்டிலும் 12 படிவங்களும் ஒருமுறை வந்துவிடும். 17 வார்டு எடுத்தால் 204 பேர். ஒவ்வொரு விளம்பர ரகத்துக்கும் 102 பேர். 60 வார்டிலிருந்து 17-ஐச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். கல்லூரிக்குப் பக்கத்து வார்டு, பஸ் வசதி உள்ள வார்டு என்று பொறுக்காதீர்கள். கூடுதலாக 2 வார்டுகளையும் குலுக்கி வைத்துக்கொள்ளுங்கள், தேவைப்படும்.

பாடப்புத்தகம் சொல்லும் 384 பேர் என்ற எண் 95 சதவீத நம்பகத்துக்கும் 5 சதவீதப் பிழைக்கும் உரியது. அதுவும் ஊர் முழுக்கச் சிதறி எடுத்தால்தான். வார்டுக்கு 12 பேர் என்று கொத்தாக எடுக்கும்போது அக்கம்பக்கத்தார் ஓரளவு ஒத்த பதில் சொல்வதால் 204 பேரின் பலம் முழுதாகக் கிடைக்காது. ஒரு வார்டுக்குள் பதில்களின் ஒற்றுமை 0.05 என்று வைத்தால் (0 என்றால் ஒற்றுமையே இல்லை, 1 என்றால் எல்லாரும் ஒரே பதில்), ஒருவரோடு வார்டின் மற்ற 11 பேரையும் சேர்த்து 1 + 11 × 0.05 = 1.55. 204-ஐ 1.55-ஆல் வகுத்தால் 132. அதாவது மொத்தக் கணக்கில் பிழை கூட்டியும் குறைத்தும் சுமார் 8.5 சதவீதம். ஒரு ரகத்துக்குள் பார்த்தால் வார்டுக்கு 6 பேர்தான், ஆகவே 1 + 5 × 0.05 = 1.25, 102 பேர் 82 பேருக்குச் சமம், பிழை சுமார் 11 சதவீதம். இதை அறிக்கையில் எழுதுவதற்குத் தயங்க வேண்டாம். 120 பேர் நிரப்பிய கூகுள் ஃபார்முக்குப் பிழை விகிதம் கணக்குப் போடவே முடியாது.

வார்டுக்குள் ஒரு தெருமுனையைக் குலுக்கி எடுத்து, அங்கிருந்து இடப்பக்கமாக ஒவ்வொரு ஐந்தாவது வீடு. மாடி வீடு, பின்கட்டு, லைன் வீடு எல்லாம் தனித்தனி வீடாக எண்ண வேண்டும். இல்லையென்றால் வாடகைக்கு இருப்பவர்கள் மொத்தமாக விடுபட்டுப் போவார்கள். வீட்டுக்குள் 'யார் பேசுறீங்க?' என்று கேட்டால் எப்போதும் ஒரே ஆள்தான் முன்னால் வருவார். அடுத்துப் பிறந்தநாள் வருபவர் என்ற முறை நகரத்து இளைஞர்களுக்குச் சரி; பெரியவர்கள் பலருக்குத் தேதி தெரியாது. 18 வயது நிறைந்தவர்களை வயது வரிசையில் எழுதிச் சீட்டெடுப்பதே நல்லது. வார்டுக்கு 6 ஆண், 6 பெண் என்று மாற்றி மாற்றி எடுங்கள். இதில் ஒரு பள்ளம் இருக்கிறது: ஒற்றைப்படைப் படிவம் எப்போதும் ஆணுக்கே போனால், வித்தியாசம் விளம்பரத்தாலா ஆண் பெண் என்பதாலா என்று தெரியாமல் குழம்பும். ஒரு வார்டில் ஒற்றைப்படை ஆணுக்கு என்றால் அடுத்த வார்டில் பெண்ணுக்கு.

பட்டன் போன் வைத்திருப்பவருக்கு வீடியோ படம் பொருந்தாது. அவருக்கு எஸ்.எம்.எஸ். மட்டும் உள்ள தனிப் படிவம். 204-இல் சேர்க்காமல் தனியாக எண்ணுங்கள். ஸ்மார்ட்போன் இருந்தும் 'இந்த மாதிரி நான் பார்த்ததே இல்லை' என்றால் அப்படியே எழுதிவிட்டு அடுத்த படத்துக்குப் போங்கள். பார்க்காததைப் பற்றி அபிப்பிராயம் கேட்டு வாங்காதீர்கள். ஒரு ரகத்தில் 90 பேருக்குக் கீழே போனால் கூடுதல் வார்டுகளைத் திறக்கலாம்.

வாசலில்

தொடக்கப் பேச்சை எழுதி மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 'வணக்கங்கம்மா, நாங்க காலேஜ்ல இருந்து வர்றோம். போன்ல வர்ற விளம்பரத்தைப் பத்தி ஊர்ல எல்லாரும் என்ன நினைக்கிறாங்கன்னு கேட்டு எழுதுறோம். நாங்க எதுவும் விக்க வரலைங்க. ஓ.டி.பி., நம்பர், ஆதார் எதுவும் கேக்க மாட்டோம். 15 நிமிஷம் ஆகும். வேண்டாம்னா எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம்.' ஓ.டி.பி. பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். போன் என்ற வார்த்தையைக் கேட்டதும் கதவு சாத்துவது இந்தக் காலத்தில் நியாயமான பயம். அடையாள அட்டையும் துறைத்தலைவரின் கடிதமும் கையில் இருக்கட்டும். வயதானவரை ஐயா, அம்மா என்றும், நடுவயதில் அண்ணா, அக்கா என்றும் அழைப்பது போதும். 'சார்' சொன்னால் விற்பனைக்காரர் வாடை வரும்.

பகலில் மட்டும் போனால் வேலைக்குப் போகிறவர்கள் கிடைக்க மாட்டார்கள். அவர்களுக்காக மாலை 6.30-க்கு மேலும் ஞாயிறு காலையும் ஒதுக்குங்கள். தேர்ந்தெடுத்த ஆள் வீட்டில் இல்லையென்றால் மூன்று முறை வரை திரும்பப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வீடு. ஒருவர் நாளைக்கு 8 பேட்டிக்கு மேல் எடுத்தால் தரம் சரியும். நாலு பேர் என்றால் பேட்டிக்கு 7 நாள், திரும்பப் போவதற்கு இன்னொரு 4 நாள்.

பக்கத்தில் யாராவது நின்றால் பதில் மாறும். மனைவியிடம் கேட்கும்போது கணவர் பதில் சொல்வார். மகனிடம் கேட்டால் அம்மா சிரிப்பார். 'உங்களுக்கும் தனியா கேக்கணுங்கண்ணா, அப்புறம் வர்றேன்' என்று மெதுவாக விலக்குங்கள். விலகவில்லை என்றால் படிவத்தின் மூலையில் 'உடனிருந்தவர்' என்று குறித்துவிடுங்கள். போன் யாருடையது, ரீசார்ஜ் யார் செய்கிறார், வேறு யார் பயன்படுத்துகிறார் என்ற மூன்று கேள்விகளும் வேண்டும். மகன் விளையாடும் போனில் வரும் விளம்பரத்தைத் தாய் பார்க்கிறார் என்றால், அந்த எரிச்சலுக்குக் காரணமே வேறு.

எத்தனை விளம்பரம் வருகிறது என்று கேட்டால் 'நூத்துக்கணக்குல' என்பார்கள். ஊகத்தை எழுதாமல், அவரையே எண்ணச் சொல்லுங்கள். எஸ்.எம்.எஸ். பெட்டியைத் திறந்து, அனுப்பியவர் பெயரின் கடைசியில் ஒரு கோடும் ஒரு ஆங்கில எழுத்தும் இருப்பதைப் பார்க்கச் சொல்லுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025-இல் கொண்டுவந்த திருத்தப்படி பி (P) என்றால் விளம்பரம், எஸ் (S) என்றால் சேவை, டி (T) என்றால் பரிவர்த்தனை, ஜி (G) என்றால் அரசு. கடந்த 7 நாளில் பி எத்தனை என்று அவர் எண்ணிச் சொன்னால் போதும். போனை உங்கள் கையில் வாங்காதீர்கள். அவரே கொடுத்தாலும் வேண்டாம். போன் தானாகவே ஸ்பேம் பெட்டிக்குத் தள்ளியவற்றை எண்ண வேண்டாம், அவை அவர் கண்ணில் பட்டவை அல்ல. பலருக்கு, விளம்பரம் என்று நினைத்திருந்ததில் பாதி சேவை மெசேஜ் என்பது அப்போதுதான் தெரியவரும். இந்தக் கேள்வியைக் கடைசியில் வையுங்கள். முதலில் வைத்தால், எண்ணிப் பார்த்த கோபம் மற்ற எல்லாப் பதிலிலும் ஏறிவிடும்.

எந்த மாதம் என்பதும் முக்கியம். ஆடியிலும் தீபாவளிக்கு முன்னும் கடை மெசேஜ் கொட்டும். மே, ஜூனில் கல்லூரிச் சேர்க்கை விளம்பரம். தேர்தல் நேரத்தில் கட்சி மெசேஜ் எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். அந்தச் சமயத்தில் இந்த ஆய்வைத் தொடங்கவே வேண்டாம். தேதியை ஒவ்வொரு படிவத்திலும் எழுதுங்கள்.

பேட்டி முடிந்த 204 பேரில் 20 பேரை வேறொருவர் மறுபடி பார்த்து, என்ன படம் காட்டினார்கள், வயது என்ன, பட்டன் போனா டச் போனா என்று மூன்று மட்டும் கேட்கட்டும். மரத்தடியில் உட்கார்ந்து நிரப்பிய படிவம் இங்கேதான் மாட்டும்.

கணக்கு

ஒருவருக்கு ஒரு வரி, ஒரு விளம்பரத்துக்கு ஒரு வரி என்று இரண்டு விதமாகப் பதியலாம். இரண்டாவது வகையில் 408 வரிகள் வரும். அதை 408 தனி ஆட்கள் போலச் சோதனைக்குள் விடாதீர்கள். ஒரே ஆளின் இரண்டு பதிலும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். எளிய வழி, முதலில் காட்டிய விளம்பரத்தின் 204 வரிகளை மட்டும் வைத்து ஒருமுறை கணக்குப் போட்டு, பிறகு இரண்டாவது விளம்பரத்தின் 204 வரிகளோடு ஒப்பிடுவது. இரண்டும் ஒரே திசையில் இருந்தால் நிம்மதி. இரண்டாவதில் மட்டும் எரிச்சல் கூடியிருந்தால் அது பேட்டியின் அலுப்பு.

தொடங்கும் முன் இரண்டு வேலை. 9 என்று குறித்தவற்றை வெற்றிடமாக்குங்கள். மறந்தால் சராசரி தவறாக ஏறிவிடும். எதிர்ப்பக்க வாக்கியங்களை 6-இலிருந்து கழித்துத் திருப்புங்கள்: 5 என்றால் 1, 4 என்றால் 2. எரிச்சல் கேள்விகளை மட்டும் திருப்ப வேண்டாம். அவை தனி அளவு.

மூன்று வாக்கியங்களும் ஒன்றையே அளக்கின்றனவா என்று பார்க்கக் குரோன்பாக் ஆல்ஃபா. ஜமோவி, பி.எஸ்.பி.பி. போன்ற இலவச மென்பொருள் தரும், எக்செல்லிலும் போடலாம். மூன்று கேள்விகளின் மாறுபாடு (வேரியன்ஸ், பதில்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) 1.2, 1.0, 1.4 என்றால் கூட்டல் 3.6. மூன்றையும் கூட்டிய மொத்த மதிப்பெண்ணின் மாறுபாடு 7.2. 3.6-ஐ 7.2-ஆல் வகுத்தால் 0.5, ஒன்றிலிருந்து கழித்தால் 0.5, அதை 3/2-ஆல் பெருக்கினால் 0.75. 0.70-க்கு மேல் இருந்தால் ஏற்கலாம். ஆல்ஃபா மைனஸில் வந்தால், பெரும்பாலும் எதிர்ப்பக்க வாக்கியத்தைத் திருப்ப மறந்திருப்பீர்கள். 0.95-ஐத் தாண்டினால் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டிருக்கிறீர்கள். நம்பிக்கையில் 0.60 வந்தால், 'பாதி சும்மா' என்ற வாக்கியத்தை எடுத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். ஏறினால் அந்த வாக்கியம் புரியவில்லை என்று பொருள். அதை அறிக்கையில் சொல்லிவிட்டு நீக்கலாம்.

சராசரியை மட்டும் எழுதாதீர்கள். பாதிப்பேர் 5, பாதிப்பேர் 1 என்றாலும் சராசரி 3. எல்லாரும் 3 என்றாலும் 3. முதலாவதில் ஊர் இரண்டாகப் பிளந்து நிற்கிறது, இரண்டாவதில் யாருக்கும் அக்கறையில்லை. ஒவ்வொரு விடைக்கும் எத்தனை சதவீதம் என்று பட்டைப் படம் போடுவதே நேர்மையான வழி.

அனுமதியின் பலனைப் பார்க்க, எஸ்.எம்.எஸ். பற்றிப் பேசிய 102 பேரை இரண்டாகப் பிரியுங்கள்: தெரிந்தே நம்பர் கொடுத்தவர்கள் ஒருபக்கம், மற்றவர்கள் ஒருபக்கம். முதல் கூட்டம் 40, இரண்டாவது 62 என்று வைத்துக்கொள்வோம். 'பிடிச்சிருக்கு' என்றவர்களின் விகிதத்தில் 20 முதல் 22 சதவீதப் புள்ளி வித்தியாசம் இருந்தால்தான் அது தற்செயல் அல்ல என்று சொல்லலாம். 8 புள்ளி வித்தியாசம் வந்தால் 'வித்தியாசம் இருக்கலாம், இந்த எண்ணிக்கையில் உறுதியாகச் சொல்ல முடியாது' என்று எழுதுங்கள். எந்த வழிகாட்டிப் பேராசிரியரும் அதற்காக மதிப்பெண் குறைக்கக்கூடாது.

தகவல், பொழுதுபோக்கு, எரிச்சல், நம்பிக்கை என்ற நாலையும் வைத்து, மொத்த அபிப்பிராயத்தோடு எது எவ்வளவு சேர்ந்து போகிறது என்று பார்க்க ரிக்ரஷன் போடலாம். ஆனால் எல்லாக் கேள்வியும் ஒரே ஆளிடம், ஒரே நேரத்தில், ஒரே அளவுகோலில் கேட்டவை; அதனால் மட்டுமே ஓரளவு தொடர்பு தானாக வந்துவிடும். 'எரிச்சல் குறைந்தால் விருப்பம் கூடும்' என்று காரணம் காட்டும் வாக்கியம் எழுதாமல், 'எரிச்சல் குறைவாகச் சொன்னவர்கள் விருப்பத்தைக் கூடுதலாகச் சொன்னார்கள்' என்று எழுதுங்கள். அதன் பக்கத்திலேயே, கடைசியாக வந்த விளம்பரத்தை என்ன செய்தார் என்ற பட்டியலைப் போடுங்கள். பிடிக்கும் என்றவர்களில் எத்தனை பேர் திறந்துகூடப் பார்க்காமல் அழித்தார்கள், எரிச்சல் என்றவர்களில் எத்தனை பேர் கடைக்குப் போனார்கள் என்ற இரண்டு எண்ணையும்தான் கடைக்காரர் முதலில் தேடுவார்.

படிவத்தில் பெயரும் போன் நம்பரும் வேண்டாம். மறுசோதனைக்கு வீட்டு எண் தேவை என்றால் தனித் தாளில் எழுதி, அந்த 20 பேரைப் பார்த்து முடித்த அன்றே கிழித்துவிடுங்கள்.